முதலில் ரப்பர், பிறகு காகிதம்: பைக்குக்கு ஆயில் ஃபில்டர் வாங்குவது

என்னிடம் இருப்பது 2012-இல் வாங்கிய ஹோண்டா சிபிஆர் 250ஆர். இந்தியாவில் 2011-இல் விற்பனைக்கு வந்த அந்த மாடல், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்ததோடு விடைபெற்றுவிட்டது. வண்டி இன்றும் வேளச்சேரியிலிருந்து ஒரகடம் வரை முணுமுணுக்காமல் போய் வருகிறது. ஆனால் விற்பனையில் இல்லாத வண்டியை வைத்திருப்பவன் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கு முன்பும் ஒரு சுற்று அலைந்தாக வேண்டும். அப்படித்தான் கடந்த சித்திரை வெயிலில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நான்காவது கடைக்காரர், "கம்பெனி ஃபில்டர் வர ரெண்டு வாரம் ஆகும் சார். இந்த மூணுல ஒண்ணு எடுத்துக்குங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்று மூன்று பெட்டிகளை மேசை மேல் வைத்தார். மூன்றின் விலையும் வேறு வேறு. எல்லாம் ஒன்றுதான் என்றால் விலை மட்டும் ஏன் வேறு என்று கேட்க நா எழுந்தது. அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கினேன். ஒன்று வண்டிக்கு, ஒன்று அறுத்துப் பார்க்க.

அன்று மாலை மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஆக்ஸா பிளேடும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தேன். வண்டியிலிருந்து கழற்றி எண்ணெய் வடியவைத்திருந்த பழைய ஒரிஜினல் ஃபில்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இந்தப் பதிவு அந்த மாலையில் பார்த்ததிலிருந்தும், அதற்கு முன்பும் பின்பும் பட்டறிந்ததிலிருந்தும் எழுதுவது.

காரில் இன்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர்பாக்ஸுக்கு வேறோர் எண்ணெய். நம் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் ஒரே எண்ணெய்தான் பிஸ்டனையும் நனைக்கிறது, கியர் பற்களையும் நனைக்கிறது, கிளட்ச் பிளேட்டுகளையும் நனைக்கிறது. எண்ணெய் டப்பாவில் பைக் எண்ணெய்க்கான தர முத்திரையான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வதும், கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும் என்று எச்சரிப்பதும் இதனால்தான். ஃபில்டரைப் பொறுத்தவரை இதன் பொருள், எரிதலால் வரும் கரி, கியர்கள் உரசி உதிர்க்கும் இரும்புத் துகள், கிளட்ச் பிளேட்டிலிருந்து தேய்ந்து வரும் கறுப்புத் தூள் ஆகிய மூன்றும் ஒரே சிறிய காகித மடிப்புக்குள் வந்து சேர்கின்றன என்பதுதான். என் வண்டியில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றும்போது ஊற்றும் எண்ணெய் ஒன்றரை லிட்டர். காரின் நான்கு லிட்டர் எண்ணெயில் கரைந்து பரவும் அழுக்குக்கும் ஒன்றரை லிட்டரில் சேரும் அழுக்குக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்தால், இந்தச் சின்னப் பொருளின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறோம் என்பது புரியும்.

ஆனாலும், ஃபில்டர் என்றதும் எல்லோரும் காகிதத்தின் தரத்தைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது என் கருத்து வேறு. மட்டமான காகிதம் இன்ஜினை ஆண்டுக்கணக்கில் மெதுவாகத் தேய்க்கும். பொருந்தாத ரப்பரும் தப்பாகப் போட்ட ஃபில்டரும் அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் ஃபில்டர் தகர டப்பாவாக வெளியே தொங்குவதில்லை. வலப்பக்க மூடிக்குள் ஒரு ஸ்பிரிங்கோடு உட்காரும் சிறிய எலிமென்ட் அது, அதாவது டப்பா இல்லாத வெறும் காகித மடிப்பு உருளை. அதன் ஒரு முகத்தில் 'அவுட்சைடு' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அந்த முகம் வெளியே பார்த்து நிற்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் வழக்கமாகப் போகாத ஒரு பட்டறையில் அவசரத்துக்கு ஆயில் மாற்றினேன். அங்கே போட்ட ஃபில்டரில் அந்த அச்சே இல்லை. பையன் தன் கைக்கு எப்படி வந்ததோ அப்படிச் செருகி மூடிவிட்டான். ஸ்டார்ட் செய்து சில விநாடிகளில் சிலிண்டர் தலையிலிருந்து டிக் டிக் என்று ஓர் ஓசை, தையல் மெஷின் ஓடுவது போல. நான் பாய்ந்து சாவியைத் திருப்பி அணைத்தேன். திறந்து பார்த்தால் ஃபில்டர் தலைகீழாக இருந்தது. எண்ணெய் போக வேண்டிய வழியை அதன் மூடிய முனை அடைத்துக்கொண்டிருந்தது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் கீறல் விழாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து, எலிமென்ட் வகை ஃபில்டரை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது எந்த முகம் வெளியே என்பது தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். அதைக்கூட அச்சிடச் சோம்பல்படும் தயாரிப்பாளர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன அக்கறை காட்டியிருப்பார்?

அடுத்தது ரப்பர். எலிமென்டின் திறந்த முனையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இன்ஜினில் உள்ள குழாய் முனையை அது இறுக்கமாகக் கவ்விக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் எண்ணெய் காகிதத்துக்குள் புகாமல் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, ஆகையால் நமக்குத் தெரியவும் தெரியாது. உலகின் மிகச் சிறந்த காகிதமாக இருந்தும் பயன் இல்லை. மாடியில் நான் வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தபோது, மூன்றில் விலை குறைந்ததன் துளை பழைய ஒரிஜினலைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. பழையது பயன்படுத்தியது, அதன் ரப்பர் கொஞ்சம் விரிந்துதான் இருக்கும்; அப்படியிருந்தும் புதியது அதைவிடத் தளர்ச்சி. அந்த ஃபில்டரைப் பற்றி அதற்கு மேல் அறிய எனக்கு ஆர்வம் இல்லாமல் போயிற்று.

மூடியிலிருந்து எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் பெட்டிக்குள் வருகிறதா என்று பாருங்கள். பல பட்டறைகளில் பழைய ஓ-ரிங்கையே துடைத்துப் போட்டுவிட்டு, கசிந்தால் போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். அவை பெரும்பாலும் எம்6 அளவு போல்ட்கள். 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அலுமினியத்தில் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் லேத் பட்டறைக்கு நடக்க வேண்டும். சில ரூபாய் ரப்பருக்குப் பார்த்த கஞ்சத்தனம் ஆயிரங்களில் முடியும்.

பைபாஸ் வால்வைப் பற்றி இணையத்தில் நிறையப் படித்துக் குழம்பியிருக்கிறேன். காகிதம் அடைத்துக்கொண்டாலோ, எண்ணெய் மிகக் கெட்டியாக இருந்து காகிதத்தை ஊடுருவ முடியாமல் போனாலோ, ஃபில்டரின் இரு பக்கங்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு கூடும். அப்போது இந்த வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயை நேராக அனுப்பிவிடும். அழுக்கு எண்ணெயாவது கிடைக்கட்டும், வறண்டு போகக் கூடாது என்ற கணக்கு. சில வண்டிகளில் இது ஃபில்டருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் இன்ஜின் உடம்பில் இருக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் இதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம், உறைபனிக் காலையில் அவர்களுடைய எண்ணெய் தேன் போல் இறுகிக் கிடப்பது. சென்னையில் மார்கழி விடியலில்கூட எண்ணெய் அப்படி இறுகுவதில்லை. நம் ஊரில் பைபாஸ் திறந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மாற்ற வேண்டிய ஃபில்டரை மாற்றாமல் ஓட்டுவது. "ஆயில மட்டும் மாத்து, ஃபில்டர் அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லும் நண்பர்களிடம் நான் வாதாடுவதில்லை; ஆனால் அவர்களிடம் செகண்ட் ஹேண்ட் வண்டியும் வாங்குவதில்லை.

இனி காகிதம். வழக்கமான ஃபில்டரில் இருப்பது மரக்கூழிலிருந்து செய்த காகிதம். சூடான எண்ணெயில் ஊறிக் குழையாமல் இருக்க அதில் ரெசினை ஊறவைத்து, சூட்டில் இறுகச் செய்திருப்பார்கள். விலை கூடியவற்றில் செயற்கை இழையோ கண்ணாடி இழையோ கலந்திருக்கும். நான் அறுத்ததில் விலை அதிகமான இரண்டிலும் மடிப்புகள் சீராக, ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் நின்றன. காகிதம் சந்திக்கும் இடத்தில் பசை ஒரே கோடாக ஓடியது. மலிவானதில் மடிப்புகள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும், கூட்ட நெரிசலில் நிற்பவர்களைப் போல இருந்தன. காகிதத்தை முழுதாக விரித்துத் தரையில் நீட்டியபோது, அதன் நீளம் மற்ற இரண்டின் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். காகிதப் பரப்பு குறைந்தால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அழுத்த வேறுபாடு சீக்கிரம் ஏறும். கடைக்காரரின் 'எல்லாம் ஒண்ணுதான்' அந்தத் தரையில் நீண்டு கிடந்தது.

பெட்டி மேல் '20 மைக்ரான்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டாம். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால் 20 என்பது மிக நுண்ணியது போலத் தோன்றும். ஆனால் 20 மைக்ரான் துகளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கிறது என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பாதியைப் பிடித்தாலும் 20 மைக்ரான் ஃபில்டர்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடித்தாலும் 20 மைக்ரான் ஃபில்டர்தான். பொறியாளர்கள் இதைப் பீட்டா விகிதம் என்று சொல்வார்கள். பீட்டா 2 என்றால் வரும் இரண்டு துகளில் ஒன்று தப்பிப் போகிறது. பீட்டா 20 என்றால் இருபதில் ஒன்றுதான் தப்புகிறது. இதை அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை முறை இருக்கிறது. பைக் ஃபில்டர் பெட்டிகளில் இந்த விவரத்தை அச்சிடுபவர்கள் அரிது. அச்சிட்டிருந்தால் அவரை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். எதிர்ப்பக்கத்தில், மிக நுண்ணிய காகிதத்தைச் சிறிய டப்பாவுக்குள் அடைத்தால் எண்ணெய் ஓட்டம் தடைப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கழுவிக் கழுவிப் போடும் ஸ்டீல் வலை ஃபில்டர்களும் கிடைக்கின்றன. மண்ணெண்ணெயில் அலசிக் காய வைக்கும் பொறுமை எனக்கு இல்லை என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

தகர டப்பா வகைக்கு வேறு சில கவனங்கள் தேவை. நம் ஊர்ப் பக்கத்திலேயே உருவாகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இல் இருப்பது இந்த வகைதான். இதில் மரை பொருந்தினால் போதும் என்று நினைத்துச் சிலர் கார் ஃபில்டரை வாங்கி முறுக்கிவிடுகிறார்கள். மரை ஒன்றாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தமும், ரப்பர் வளையத்தின் விட்டமும், டப்பாவின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் டப்பா ஒரு வேகத்தடையில் இடித்தால் நடுரோட்டில் எண்ணெய் முழுவதும் போய்விடும். டப்பாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் சிறு துளைகளை மூடியபடி ஒரு ரப்பர் பாவாடை தெரியும். வண்டியை நிறுத்தியபின் எண்ணெய் திரும்ப வடிந்துவிடாமல், மறுநாள் காலையில் உடனே மேலே ஏற வசதியாக அதைத் தேக்கி வைப்பது அதன் வேலை. கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரைல். ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் சிலிக்கோன், அது சூட்டில் விறைக்காமல் அதிக நாள் மெத்தென்று இருக்கும். சென்னைச் சிக்னல்களில் மே மாதம் வேகும் வண்டிக்கு நான் ஆரஞ்சைத்தான் சொல்வேன். மாட்டும்போது வளையத்தில் புது எண்ணெயைத் தடவி, அது இன்ஜினைத் தொட்டபின் கையால் முக்கால் சுற்று திருப்பினால் போதும். அதற்கு முன், பழைய ஃபில்டரின் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினால் எண்ணெய் பீய்ச்சியடிக்கும்.

பிராண்டு பெயர்களுக்கு இப்போதுதான் வருகிறேன். காரணத்தோடுதான் கடைசியில் வைத்தேன். ஹைஃப்ளோஃபில்ட்ரோ, கே அண்ட் என் என்ற இரண்டு வெளிநாட்டுப் பெயர்களை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இவர்களுடைய மூன்று இலக்க எண்கள் பெரும்பாலும் ஒத்துப் போவது நமக்கு வசதி. என் வண்டிக்கு 112. இதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த சிஆர்எஃப் 250எல்லுக்கும் அதே எண். கேடிஎம் டியூக் 390-க்கு 155. கடையில் வண்டிப் பெயரைச் சொல்வதைவிட இந்த எண்ணைச் சொல்வது நல்லது, ஏனெனில் '250' என்றதும் வேறு ஏதோ 250-க்கானதை எடுத்து நீட்டுபவர்கள் உண்டு. கே அண்ட் என் டப்பாக்களின் தலையில் ஸ்பேனர் போட ஒரு 17 மில்லிமீட்டர் நட் இருக்கும். கழற்றுவதற்கு அது வரப்பிரசாதம், இறுக்குவதற்கு அதைத் தொடவே கூடாது. உள்ளூர் வண்டிகளுக்கு எலோஃபிக், பாஷ், பியூரோலேட்டர் போன்றவை தாராளமாகக் கிடைக்கின்றன. பியூரோலேட்டர் என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். 1920-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் உருவாக்கிய ஆயில் ஃபில்டருக்கு வைத்த பெயர் அது. 'பியூர் ஆயில் லேட்டர்' என்ற சொற்களைச் சுருக்கியது. அதாவது, பிறகு சுத்தமான எண்ணெய். அதற்கு முன் கார்களில் எண்ணெயை அடிக்கடி கொட்டி மாற்றுவதைத் தவிர வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

பிராண்டைவிடப் பெரிய சிக்கல் டூப்ளிகேட். ஒரிஜினல் பெட்டியை அச்சு அசலாக நகலெடுத்து உள்ளே எதையோ வைத்து விற்பது நம் ஊரில் புதிதல்ல. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து பிரித்த பாகங்களை வாங்கி நான் பலமுறை பயனடைந்திருக்கிறேன். ஃபுட்ரெஸ்ட், கண்ணாடி, லீவர் எல்லாம் அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் காகிதமும் ரப்பரும் கொண்ட பொருளை, எப்போது செய்தார்கள் என்று தெரியாத இடத்தில், அது எங்கே இருந்தாலும், வாங்க மாட்டேன். தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, உற்பத்தியாளர் முகவரி ஆகிய மூன்றும் மங்காத எழுத்தில் இருக்க வேண்டும். ரப்பரை நகத்தால் அழுத்தினால் திரும்ப எழ வேண்டும். பில் தர வேண்டும். பில் கேட்டதும் கடைக்காரரின் முகம் மாறினால், பெட்டியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

புது வண்டிக்காரர்கள் வாரண்டி போய்விடுமோ என்று அஞ்சுவார்கள். கார்களைப் பொறுத்தவரை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஒரு முக்கியமான ஆணை பிறப்பித்தது. உதிரி பாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் கட்டுப்படுத்தியதற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, வெளிப் பட்டறையில் வண்டிக்கு வேலை பார்க்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் பழுது ஏற்பட்டிருந்தால்தான் மறுக்கலாம் என்றும் அது சொன்னது. இருசக்கர வாகனங்களைப் பற்றிய ஆணை அல்ல அது. நடைமுறையில் என் யோசனை எளியது: வாரண்டி காலம் முடியும்வரை கம்பெனி ஃபில்டரையே போடுங்கள். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக சர்வீஸ் சென்டர் மேசையில் வாதாடும் தெம்பு எனக்கு இல்லை.

மலிவான ஃபில்டருக்கும் ஓர் இடம் உண்டு என்பதை 2023 டிசம்பரில் கற்றுக்கொண்டேன். மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் இன்ஜினுக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்தபின் ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், வழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் தண்ணீரும், பிறகு பால் தூக்கலாக விட்ட டீ நிறத்தில் எண்ணெயும் வந்தன. ஃபில்டரின் காகிதம் தண்ணீரைக் குடித்து உப்பி, மடிப்புகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. "தம்பி, இதுக்கு நல்ல ஆயில் வேஸ்ட் பண்ணாத. சாதா ஆயில் ஊத்தி அஞ்சு நிமிஷம் ஓட்டி எறக்கு, மறுபடி ஊத்து, மறுபடி எறக்கு" என்றார். ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் மாற்றினோம். முதல் இரண்டு சுற்றுக்கு மலிவு ஃபில்டர், மூன்றாவதற்குத்தான் நல்லது. ஆனால் அந்த மலிவானவற்றையும் அவர் ரப்பர் பிடிக்கிறதா என்று விரலால் சுழற்றிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மைத்துனர் தன் ஸ்ப்ளெண்டருக்கும் நல்ல ஃபில்டராக ஒன்று வாங்கி வரச் சொன்னார். அவருடைய வண்டியில் மாற்றுவதற்குக் காகித ஃபில்டரே கிடையாது. சுழலும் கிண்ணம் ஒன்றில் அழுக்கு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும், அடியில் ஒரு வலை சல்லடை இருக்கும். இரண்டையும் திறந்து துடைக்க வேண்டும், அவ்வளவுதான். பல ஆண்டுகளாக யாரும் அதைத் திறந்ததில்லை என்று அவர் முகத்திலிருந்தே தெரிந்தது.

சித்திரையில் வாங்கிய மூன்றில் நடுத்தர விலைக்காரனைத்தான் வண்டியில் போட்டேன். அவுட்சைடு அச்சு தெளிவாக இருந்தது, ரப்பர் இறுக்கமாகக் கவ்வியது, ஓ-ரிங் கூடவே வந்தது; விலை உயர்ந்ததற்கும் அதற்கும் காகிதத்தில் நான் கண்ட வித்தியாசம் சொற்பம். கடந்த மாதம் அதைக் கழற்றி, ஒரு நாள் வடியவிட்டு, மாடியில் அறுத்து வெயிலில் விரித்தேன். மடிப்பு எதுவும் சரியவில்லை, பசை விடவில்லை. கிளட்சின் கறுப்புத் தூள் வழக்கம் போல. நடுவில் ஒரு மடிப்பில் மட்டும் வெள்ளி நிறத்தில் இரண்டு மூன்று மினுமினுப்புகள் இருந்தன. காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை, ஆகவே இரும்பு அல்ல, அலுமினியமாக இருக்க வேண்டும். பிஸ்டனா, கேசிங்கா என்று இப்போதே சொல்ல முடியாது. அதே பிராண்டில் புதிது ஒன்றைப் போட்டு, ஓடோமீட்டர் எண்ணைப் பெட்டியின் மேல் எழுதி வைத்திருக்கிறேன். 1,000 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி ஆக்ஸா பிளேடை எடுப்பேன்.